தெரியாது என்று சொன்ன மேஸ்திரியம்மா

மலைமேல் தலைச்சோலைப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்று கைமாறப் போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, மரங்களைக் கணக்கெடுக்க, வாங்க நினைத்தவர்கள் என்னைச் சேலத்திலிருந்து அனுப்பினார்கள். பழம் பறிப்பவர்களுக்கு மேஸ்திரி ஒரு பெண்மணி. ஒடிசலான உடம்பு, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை. எதைக் கேட்டாலும் சற்றுப் பொறுத்துத்தான் பதில் சொல்வார்.

முதல் நாள் காலையிலேயே வேலையாட்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏனுங்க, எங்க ஊட்டையெல்லாம் காலி பண்ணச் சொல்லுவாங்களா?" என்றார் ஒருவர்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்றேன்.

மேஸ்திரியம்மா என்னைத் தனியே அழைத்தார். "உங்களுக்கு நெசமாலுமே தெரியுங்களா?"

"தெரியாதுங்க. பயப்படறாங்களேன்னு சொன்னேன்."

"பயம் எனக்கும் நொம்ப இருக்குதுங்க. ஆனா உங்க பேச்சை நம்பி உக்காந்துட்டா, வேற ஊடு தேட நேரமிருக்காதுங்க."

பிறகு அவர்களிடம் போய், "இவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்னையிலிருந்தே எல்லாருக்கும் ஊடு பாக்கலாம்" என்றார். எல்லாரும் அவர் பின்னால் வேலைக்கு நடந்தார்கள்.

அடுத்த மழைக்கு முன்பே வீடுகளைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். அதற்குள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பக்கத்து ஊரான மஞ்சக்குட்டையில் இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு, கடைசியாகத்தான் தன் சாமான்களை ஜீப்பில் ஏற்றினாராம் மேஸ்திரியம்மா. இதை எனக்குச் சொன்ன எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரிடம், மேஸ்திரியம்மா எங்கே குடிபோனார் என்று கேட்டேன். ரைட்டருக்குத் தெரியவில்லை.