எர்த் குழிக்கு மேல கோலம்

எனக்கு நல்ல குரல்னு கல்லிடைக்குறிச்சியில ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது நாந்தான். அந்தத் தைரியத்துல, முக்கூடல்ல கண்ணு தெரியாத ஒரு பிள்ளைக்கு அரசுத் தேர்வுப் பாடங்களை வாசிச்சு, கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணி மூணு மாசமா அனுப்பிக்கிட்டு இருந்தேன். ஒவ்வொரு தடவையும் அவ "ரொம்ப நன்றிக்கா"ம்பா. நானும் ஒரு கலெக்டரை உருவாக்குத நினைப்புல திரிஞ்சேன்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில அவ அம்மா போன் பண்ணுனா. "தாயி, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டா. நீங்க வாசிக்கதுல கொர்ருன்னு ஒரு இரைச்சல் வருதாம். அவ ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டுல்லா கேக்கா. மண்டையடி தாங்காம தைலத்தைத் தேச்சுக்கிட்டுப் படுத்திருக்கா. இன்னும் எட்டுப் பாடம் கெடக்கு."

எனக்குப் பொசுக்குன்னு கோவம் வந்துட்டு. என் பதிவுல இரைச்சலா? ஹெட்போனை மாட்டிக் கேட்டேன், மூணு மாசத்துல அன்னைக்குத்தான் முதல் தடவையா. குழம்பு வச்சவ உப்புப் பாக்காம ஊருக்கே ஊத்துன கதை. மாவு மில்லுக்குள்ள உக்காந்து எவளோ வரலாறு வாசிக்கா. அந்த எவளோ நாந்தான்.

முதல் பழி ஃபேன் மேல. நிறுத்தினேன், வேர்த்து ஊத்துனதுதான் மிச்சம். ஃப்ரிட்ஜை நிறுத்தினேன், தோசை மாவு பொங்கி வழிஞ்சுது. அடுத்த வீட்டுல அப்பளம் போடுதவங்ககிட்ட "கொஞ்சம் பைய பேசுங்களேன்"னு கேட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். வீட்டுக்காரர் தன் பங்குக்குப் புது மைக்கு வாங்கிட்டு வந்தார். அதுல இரைச்சல் இன்னும் தெளிவாக் கேட்டுது. "பாத்தியா, நல்ல மைக்கு!"ன்னு அதுக்கும் ஒரு பெருமை. அப்புறம் இரைச்சலைத் துடைக்க ஒரு சாஃப்ட்வேர். அது என் குரலையும் சேத்துத் துடைச்சு, ஆத்துக்குள்ள முங்கிக்கிட்டுப் பேசுத மாதிரி ஆக்கிட்டு.

கடைசியில அம்பாசமுத்திரத்துல இருந்து எலக்ட்ரீசியன் அண்ணாச்சி வந்தார். கம்ப்யூட்டர் பெட்டியில கை வச்சவர், "ஆத்தாடி!"ன்னு உதறினார்.

"இது எத்தனை நாளா ஷாக் அடிக்குது?"

"வருசக்கணக்கா அண்ணாச்சி. நாங்க செருப்பு போட்டுக்கிடுவோம்."

அவர் என்னையப் பாத்த பார்வை இருக்கே! இந்தப் புத்தியோட இது வரலாறு வேற வாசிக்குதான்னு அதுல எழுதியிருந்துது. "எர்த் சரியில்லன்னா ஷாக்கும் அடிக்கும், மைக்குல இரைச்சலும் ஏறும். எர்த் கம்பியை மண்ணுல இறக்குன குழி எங்கன இருக்கு?"ன்னார்.

வீட்டுக்காரர் வாசல் சிமிண்டைக் கையக் காட்டிட்டு என்னையப் பாத்தார். கோலம் எடுப்பா விழலைன்னு வாசல் முழுக்கச் சிமிண்டு போடச் சொல்லி ஒத்தக்கால்ல நின்னது நான். எர்த் குழி அதுக்கு அடியில போயிட்டு. உடைச்சுப் பாத்தா, கம்பி துருப்பிடிச்சு அத்துக் கெடக்கு, மண்ணு பொடியா உதிருது. தெருக்கோடியில தாமிரபரணி ஓடுது, எங்க குழிக்கு ஒரு சொம்பு தண்ணி கிடைக்கல. அண்ணாச்சி புதுக் கம்பி இறக்கி, கரியும் உப்பும் போட்டு, ஆறு குடம் தண்ணி ஊத்தச் சொன்னார். ஊத்திட்டு வந்து பதிவு பண்ணிக் கேட்டேன். இரைச்சல் போன இடம் தெரியல.

மூணே நாள்ல ஏழு பாடம் அனுப்பினேன். அவ போன் பண்ணுனா. "எக்கா, இப்பத்தான் உங்க குரலையே கேக்கேன்."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏட்டி, மூணு மாசமா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"முன்னாடி ஒருத்தங்க வாசிச்சாங்கக்கா. கொஞ்சம் நிறுத்தி வாசிங்கன்னு ஒரு தடவை சொன்னேன். அதோட அனுப்புததையே விட்டுட்டாங்க. நீங்களும் விட்டுட்டா எனக்கு வேற ஆளு இல்லக்கா."

மூணு மாசமா என் நல்ல குரலுக்கும் என் கோவத்துக்கும் சேத்து அந்தப் பிள்ளை தைலம் தேச்சிருக்கு. வெக்கமாப் போச்சு. அன்னைக்கே கடைசிப் பாடத்தை வாசிச்சேன். முடிவுல, "எங்கயாவது சரியில்லன்னா சொல்லு தாயி, நான் அனுப்புததை நிறுத்த மாட்டேன்"னு சேத்துச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலையிலயே போன். "எக்கா, நடுவுல ஒரு இடத்துல மூக்கை உறிஞ்சுதீங்க. அந்த ஒரு பக்கத்தை மட்டும் திருப்பி வாசிச்சுத் தருவீங்களா?"

வாசிச்சுக் கொடுத்தேன்.