வாத்தியார் தேர்ந்தெடுத்த இன்ஜின்

விபத்தில் நசுங்கிய கார்களைப் பார்த்து, சொன்ன கதையும் நசுங்கிய தகரமும் ஒத்துப்போகின்றனவா என்று காப்பீட்டுக் கம்பெனிக்குச் சொல்வதுதான் அவளுடைய வேலை. பட்டறைக்காரர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். அவள் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே ‘பூதக்கண்ணாடி வருது’ என்று ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொள்வார்கள். இது அவளுக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. நாய் குறுக்கே ஓடிவந்தது என்பவனிடம், அப்படியானால் பிரேக் போட்டிருப்பாயே, ரோட்டில் டயர் தேய்ந்த தடம் எங்கே என்பாள். அவன் முழி பிதுங்கி நிற்பான்.

ஆபீஸ் கொடுத்த வண்டி போக, அவளிடம் சொந்தமாக ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. கல்யாணத்துக்கு முன்பே, வேலையில் சேர்ந்த கையோடு வாங்கியது. அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவர் அந்தக் காரை ‘மூத்த மாப்பிள்ளை’ என்றுதான் சொல்வார். இளவயதில் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய், கற்றுக்கொடுத்த இடத்துக் கேட்டையே பெயர்த்துவிட்டு இறங்கி வந்தவர், அதற்குப் பிறகு ஸ்டீயரிங் பக்கமே போனதில்லை. பள்ளிக்கூடத்துக்கும் பஸ்தான்.

ஒரு நாள் மேம்பாலம் ஏறும்போது அந்தக் கார் புகை கக்கி நின்றது. தண்ணீர் வற்றி, சூடு ஏறி, இன்ஜினில் விரிசல் விழுந்துவிட்டது. உள்ளே இருந்த ஆயில் பால் கலந்த காப்பி மாதிரி வழிந்தது. வருஷக்கணக்காகப் பழகிய மெக்கானிக் தலையைச் சொறிந்தார். இந்த வகை இன்ஜினை இப்போது யாரும் செய்வதில்லை, வேறு இன்ஜின்தான் மாற்றியாக வேண்டும் என்றார்.

அவர் கையில் இரண்டு இருந்தன. ஒன்று, பெரிய சொகுசுக் காரிலிருந்து எடுத்த ஆறு சிலிண்டர் இன்ஜின். சத்தமும் இழுப்பும் பிரமாதம். ஆனால் கனம், முன்பக்கத்தை வெட்டித்தான் உட்கார வைக்க வேண்டும். மற்றது, சாதாரணக் குடும்பக் காருடைய நாலு சிலிண்டர். ஆட்டோமேட்டிக் கியரோடு வருவது, கிளட்சே கிடையாது. வெட்டாமல் கொத்தாமல் அப்படியே பொருந்தும். அவள் யோசிக்கவே இல்லை. ஆறு சிலிண்டரைப் போடு என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

சாப்பிடும்போது வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

“அந்தச் சின்ன இன்ஜினையே போட்டுடலாமே.”

அவள் கை பாதியில் நின்றது. பானெட் எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடத் தெரியாத மனிதர், முன்பக்கம் கனமானால் வளைவில் வண்டி நேராகப் போகப் பார்க்கும், பிரேக்கும் தாங்காது என்று பாடம் எடுத்தார். ஆட்டோமேட்டிக் என்றால் எல்லாருக்கும் சௌகரியம் என்றும் ஒரு வார்த்தை சேர்த்தார். எல்லாருக்கும் என்றால் யாருக்கு? இரண்டு இருக்கை உள்ள காரில் எல்லாரும் எங்கே உட்காருவது?

யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவள் கண் அவர் மேலேயே இருந்தது. சனிக்கிழமை வீட்டுக்குள் நுழையும்போதே, “ஸ்பெஷல் கிளாஸ், அதான் லேட்டு” என்றார். அவள் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவனை அவள் தொழிலில் விடுவதே கிடையாது. அவர் செருப்பில் கறுப்பு ஆயில் ஒட்டியிருந்தது. கணக்கு வகுப்பில் ஆயில் ஏது?

மெக்கானிக்கைக் கேட்டாள். வாத்தியார் இந்தப் பக்கம் வந்ததே இல்லை என்று சொல்லிவிட்டு, அவசர வேலை வந்தவர் மாதிரி ஒரு லாரிக்கு அடியில் நுழைந்துகொண்டார். ஆக, இரண்டு பேரும் கூட்டு. ஆறு சிலிண்டரை நல்ல விலைக்கு வேறு யாருக்கோ பேசிவிட்டாரா மெக்கானிக்? அல்லது யார் வேண்டுமானாலும் ஓட்டுகிற மாதிரி மாற்றி, காரையே விற்றுவிடத் திட்டமா? ரெண்டு பேர் உட்கார ஒரு காரா என்று நாத்தனார் வரும்போதெல்லாம் முணுமுணுப்பது நினைவுக்கு வந்தது. அண்ணன் மனதைக் கலைக்க அவளால் முடியும்.

அடுத்த சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பார்த்தாள். கேட்டில் பூட்டு தொங்கியது. நேரே பட்டறைக்குப் போனாள். பின்னால், உடைந்த வண்டிகளை நிறுத்தும் காலி மனையில், நாத்தனாருடைய வெள்ளைக் கார் ஊர்ந்துகொண்டிருந்தது. ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்தபடி, தோளைக் காதுவரை தூக்கிக்கொண்டு வாத்தியார். பக்கத்தில் நாத்தனார். அவள் போய்க் குறுக்கே நின்றாள். கார் குலுங்கி நின்றது.

“இதுதான் ஸ்பெஷல் கிளாஸா?”

முதலில் இறங்கியது நாத்தனார்தான். “அண்ணி, திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. அண்ணன்தான் உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாரு.”

“பழியை அவர் மேல போட்டுட்டு உன்னைத் திட்டச் சொல்றியா? என் காரை யாருக்கு விக்கப் போறீங்க, அதைச் சொல்லுங்க.”

வாத்தியார் இறங்கி, வியர்த்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். வகுப்பில் பேசுகிற குரல் அல்ல அது.

“விக்கலை, இனிமே நான் ஓட்டத்தான் அந்தச் சின்ன இன்ஜின். உன் ஆபீஸ் வண்டியைச் சுத்திப் பாத்தியா? கேட்டுல உரசினது இடது பக்கம். தூணுல உரசினது இடது பக்கம். கண்ணாடி உடைஞ்சதும் அதே பக்கம். வலது பக்கம் ஒரு கீறல் கிடையாது. ஒரே பக்கமா அடி வாங்கற வண்டியப் பாத்தா, ஓட்டறவங்களப் பாருன்னு நீதானே சொல்லுவே.”

“கழுத்து வலி. திரும்ப முடியலை, அவ்வளவுதான்” என்றாள் அவசரமாக.

“சரி. நாளைக்கு நான் உன் இடது பக்கமா வந்து நிக்கறேன். கழுத்தைத் திருப்பாம எப்ப தெரியறேன்னு சொல்லு.”

கொஞ்ச நாளாக இடது பக்கத்திலிருந்து வருகிற ஆட்கள் நடந்து வருவதில்லை, திடீரென்று முளைக்கிறார்கள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கண் சரியில்லாத பூதக்கண்ணாடி என்று ஊர் சிரிக்குமே என்ற பயத்தில், தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொள்ளவில்லை. எவனெவன் பொய்யையோ பிடித்தவளை வீட்டுக்காரர் பிடித்துவிட்டார். கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

“நேரா என்னைக் கேட்டிருக்கலாமே.”

“கேட்டா ஒத்துக்குவியா?”

கண் டாக்டர், இடது கண்ணில் அழுத்தம் ஏறி ஓரப் பார்வையைத் தின்றுவிட்டது என்றார். போனது போனதுதான், சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், வண்டியை இனி தொடாமல் இருப்பது நல்லது. அவள் அவரையும் நம்பாமல் இன்னொருவரிடம் போனாள். அவரும் அதையேதான் சொன்னார். ஆபீஸில் உள்ளதைச் சொல்லிவிட்டாள். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க அவள் கண்ணில் குறையில்லை என்பதால் வேலை போகவில்லை. வேறொருவர் ஓட்ட, இவள் போய்ப் பார்த்து வருவது என்று ஆயிற்று.

பிறகு பட்டறைக்குப் போனாள். மெக்கானிக், வாத்தியார் சத்தியம் வாங்கிட்டார் மேடம் என்று குழைந்தார். அவள் முழுதாக நம்பவில்லை. ஆறு சிலிண்டரை ஒரு முறை ஓடவிடச் சொல்லி, நிறுத்தச் சொல்ல மனம் வராமல் கேட்டுக்கொண்டே நின்றாள். அப்புறம் டார்ச்சை வாங்கிக்கொண்டு சின்ன இன்ஜின் பக்கத்தில் குனிந்தாள். போல்ட் குழிகளுக்குள் விரலை விட்டு எடுத்தாள். நுனியில் மெல்லிய வண்டல்.

“சின்ன இன்ஜின்தான். ஆனா இது இல்ல. இது தண்ணியில முங்கின வண்டியோடது.”

மெக்கானிக் தனக்குத் தெரியவே தெரியாது என்றார். தெரிந்திருக்கும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வேறொன்று வந்தது. அதைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்த பிறகே மாட்டவிட்டாள்.

வாத்தியார் லைசென்ஸ் வாங்கியதும் இருவரும் கிளம்பினார்கள். அந்தக் காரின் மற்ற இருக்கையில் அவள் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. ஒரு ஸ்பிரிங் இடுப்பில் குத்தியது. கண்ணாடியை இறக்கப் போனால் கைப்பிடி கழன்று கையோடு வந்தது.

“இது எப்பலேருந்து இப்படி இருக்கு?”

“கல்யாணம் ஆன புதுசுலேருந்து.”

“ஏன் சொல்லலை? இன்னும் என்னென்ன சொல்லாம வெச்சிருக்கீங்க?”

“ஓட்டும்போது பேச்சுக் குடுக்காதே” என்றார் அவர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். ஒரு சைக்கிள் அவர்களைத் தாண்டிப் போனது. இன்ஜின் சாதுவாக முனகிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஹேண்ட் பிரேக்கின் மேல் கையை வைத்தவள், வீடு வந்து சேரும்வரை அதை எடுக்கவில்லை.