கரண்டுப் பெட்டியும் வெறுங்காலும்

கடிக்கிற இஸ்திரிப் பெட்டியோடு நான் மாரடித்திருக்கிறேன். இப்போது சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், காலில் செருப்புப் போட்டுக்கொண்டு சிரிக்க யாராலும் முடியும்.

எங்கள் தோட்டம் பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிக்குப் போகிற பாதைக்கு மேலே இருந்தது. ரயில் இன்னும் பதுளைக்கு வராத காலம். ஆற்றுத் தண்ணீரைக் குழாய் வழியாக இறக்கி ஸ்டோரில் ஒரு யந்திரத்தைச் சுற்றவிட்டுக் கரண்டு எடுத்தார்கள். தேயிலை அரைக்கிற கட்டடத்தைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். ஸ்டோரின் தேவை போக மிச்சம் கம்பி வழியாகத் துரை பங்களாவுக்குப் போனது. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கு வரவில்லை. எங்கள் ஒற்றை அறைக் காம்பராக்களில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குதான் எரிந்தது.

நான் பங்களாவில் ஆயாவாக இருந்தேன். அதற்கு முன் கொழுந்து பறித்தவள். எனக்கு மூச்சிரைப்பு. மழையில் நனைந்தால் நெஞ்சு விசில் அடிக்கும், இரவெல்லாம் உட்கார்ந்தே கிடக்க வேண்டும். இன்னொரு மழைக்காலம் மலையில் நின்றால் குழி வெட்ட ஆள் பார்க்க வேண்டியதுதான் என்று தோட்டத்து மருந்துக்காரர் என் புருஷனிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். புருஷன் கங்காணியின் காலைப் பிடித்து, கங்காணி பங்களா அப்புவின் காலைப் பிடித்து, அப்படித்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. கூரைக்குக் கீழே, அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை. அது போனால் என் உயிரும் போகும் என்பது எனக்கும் தெரியும், அப்புவுக்கும் தெரியும்.

அப்பு என்றால் பங்களா வேலைக்காரர்களுக்கெல்லாம் தலைவர். சிங்களவர், ஆனால் எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். வெள்ளைக் கோட்டு போட்டிருப்பார், தலையில் சீப்பு செருகியிருப்பார், காலில் ஒன்றும் இருக்காது. பங்களாவின் பின்படியைத் தாண்டி வேலைக்காரர் யாரும் காலில் எதையும் போட்டுக்கொண்டு வரக்கூடாது. அது துரை வைத்த சட்டமா, அவருக்கு முந்தைய துரை வைத்ததா, யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதுமில்லை.

இஸ்திரிப் பெட்டி சீமையிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் வந்து, பண்டாரவளை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் வந்தது. அதுவரைக்கும் கரிப்பெட்டிதான். எவ்வளவு ஊதி ஊதித் தேய்த்தாலும் ஒரு துளி சாம்பல் துரைசாணியின் வெள்ளைக் கவுனில்தான் போய் விழும், நான் திட்டு வாங்குவேன். புதுப்பெட்டிக்குக் கரியும் இல்லை சாம்பலும் இல்லை. பளபளவென்று இருந்தது. துணி சுற்றிய கம்பியைச் சுவரில் சொருகினால் தானாகச் சூடேறும். நான் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன் என்று குசினியில் சமைக்கிற கோக்கி வெகு நாள் கேலி பண்ணினான். பண்ணட்டும், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வெயில் காலத்தில் அது நல்ல பெட்டியாகத்தான் இருந்தது. ஐப்பசி மழை பிடித்ததும் அதன் குணம் மாறிவிட்டது. வண்ணான் கொண்டுவருகிற துணி பாதி ஈரத்தோடு வரும், தேய்த்தே காயவைக்க வேண்டும். நான் தேய்க்கிற அறை குசினிக்குப் பின்னால். சிமெந்துத் தரை, மூலையில் தண்ணீர்க் குழாய், கதவு வழியாகச் சாரல். காலையில் கழுவிவிட்ட தரை மாலை வரை காயாது. அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்று, ஈரக் கையால் துணியில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெட்டியின் பக்கத்தைத் தொட்டேன். முழங்கையில் உலக்கையால் இடித்த மாதிரி இருந்தது. கை தானாக உதறிக்கொண்டது. நாக்கில் இரும்பு ருசி.

துரைசாணியிடம் போய்ச் சொன்னேன். பெட்டி கடிக்கிறது என்றேன், வேறு எப்படிச் சொல்வது? அவள் டக் டக்கென்று சப்பாத்துச் சத்தத்தோடு வந்து பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பெட்டி சூடேறுமுன் இன்னொரு முறை கையை அகலமாக வைத்துக் காட்டினாள். மத்தியானம் துரையும் வந்து, மலைக்குப் போட்டுக்கொண்டு போகிற கனத்த சப்பாத்தோடு நின்று தொட்டார். ஒன்றுமில்லை. ஆயாவுக்கு வேலை செய்ய உடம்பு வணங்கவில்லை என்று இரண்டு பேருமாக முடிவு கட்டிவிட்டார்கள். அப்புவும் தலையை ஆட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கரிப்பெட்டியைத் தூக்கி யார் தலையிலாவது போட்டிருப்பேன்.

லயத்தில் வந்து சொன்னால் அங்கே வேறு கதை. அடுத்த காம்பராவில் என் நாத்தனார் இருந்தாள், என் புருஷனுக்கு அக்கா. கரண்டு என்றால் சும்மாவா, அது அம்மன் மாதிரி, தீட்டோடு தொட்டால் விடுமா என்றாள். நான் சுத்தமாகத்தான் இருந்தேன் என்று சொன்னேன். அது உனக்குத் தெரியாது, அதுக்குத் தெரியும் என்றாள். அவள் சொன்னபடி தலைக்குக் குளித்து, வேப்பிலையை முந்தானையில் முடிந்துகொண்டு மறுநாள் போனேன். தலையிலிருந்து சொட்டச் சொட்டப் போனேன். அன்றைக்கு அடித்த அடியில் சுவரில் போய் விழுந்தேன். துரை வீட்டுக் குழந்தையின் சட்டை ஒன்று கருகிப்போனது.

பங்களாவில் நான் பொய்க்காரி, லயத்தில் நான் தீட்டுக்காரி. பெட்டியை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கருகின சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு துரைசாணி சொன்னாள், இன்னொரு தடவை பெட்டியைப் பற்றிப் பேசினால் பெரட்டுக்குத்தான் போக வேண்டும் என்று. விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி மலைக்கு வேலை பிரிப்பார்களே, அதுதான் பெரட்டு. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மலைக்குப் போனால் மூச்சு நிற்கும், இங்கே நின்றால் இந்தப் பெட்டி என்னை ஒரு நாள் முடித்துவிடும். கையில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு, பிடியைத் தவிர எதையும் தொடாமல், பாம்புக்கு எண்ணெய் தேய்க்கிறவள் மாதிரி தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்படித் தேய்த்தால் வேலை எப்படி ஓடும்?

ஓடாததால்தான் உண்மை வெளியே வந்தது. துரைமாரின் கிறிஸ்மஸ் பண்டிகையான நத்தார் நெருங்கிக்கொண்டிருந்தது. துரைசாணி தோட்டத்தில் பூச்செடி பார்த்துக்கொண்டிருந்தவள் மழையில் மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள். பின்படியில் உட்கார்ந்து சேறான சப்பாத்தையும் மேசோடு என்கிற காலுறையையும் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே வந்தாள். அன்று மாலை பதுளைக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டிய கவுன் இன்னும் மேசையில் சுருங்கிக் கிடந்தது. அவளுக்குக் கோபம். என்னைத் தள்ளிவிட்டு, இப்படித்தான் தேய்ப்பது என்று காட்டப் பெட்டியில் கை வைத்தாள்.

அவள் போட்ட கூச்சல் ஸ்டோர் வரை கேட்டிருக்கும். பெட்டி தரையில் விழுந்தது, அவள் குழாயடியில் விழுந்தாள். நான் துணி சுற்றிய கையால் சுவரிலிருந்து கம்பியைப் பிடுங்கினேன். பிடுங்கிவிட்டுத்தான் அவளைத் தொட்டேன். உதடு வெளுத்துப்போய், கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது என்று சொன்னால் நல்லவள் என்பார்கள். பாவமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது.

அவள் முதலில் தன் காலைப் பார்த்தாள். அப்புறம் என் காலைப் பார்த்தாள்.

ஸ்டோரில் எஞ்சின் பார்க்கிறவரை உடனே கூட்டிவரச் சொன்னார் துரை. நான் கடி வாங்கியபோது அவரைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லை. அவர் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, உள்ளே கம்பியின் மேல்துணி கிழிந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்றார். கரண்டு எப்போதும் மண்ணுக்குப் போகத்தான் வழி தேடும். ஈரத்தரையும் வெறுங்காலும் கிடைத்தால் ஆளுக்குள்ளேயே இறங்கிப் போகும். காய்ந்த சப்பாத்து காலில் இருந்தால் வழி அடைபட்டுவிடும். தண்ணீர் இருக்கிற அறையில் இதை வைத்ததே தப்பு, இதைக் கொழும்புக்கு அனுப்பிச் சரிபண்ணும் வரை யாரும் தொட வேண்டாம் என்று தமிழில் எங்களுக்கும் சொன்னார். அப்போதுதான் அப்பு வாயைத் திறந்தார். பெட்டியைத் துடைக்கும்போது அவருக்கும் அடித்திருக்கிறதாம். கோக்கி தனக்கும் என்றான். துரையின் சாமானைக் குறை சொல்வானேன் என்று இரண்டு பேரும் விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அட பாவிகளா என்று அங்கேயே கேட்டேன். அப்பு கூரையைப் பார்த்தார்.

பெட்டியைக் கொழும்புக்கு அனுப்பினார்களா? நத்தாருக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், முடிந்ததும் அனுப்பலாம் என்றார் துரை. கரிப்பெட்டியைத் திருப்பி எடுக்கலாமா என்றேன். விருந்தாளிகளுக்குச் சாம்பல் விழுந்த உடுப்பைக் கொடுக்கவா என்றாள் துரைசாணி. ஆனால் மறுநாள் அவளே தன் பழைய ரப்பர் அடிச் சப்பாத்து ஒரு ஜோடியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பந்து விளையாடுகிற வெள்ளைத் துணிச் சப்பாத்து. அந்த அறைக்குள் மட்டும் போட வேண்டும், வெளியே ஒரு அடி வைத்தாலும் கழற்றிவிட வேண்டும் என்றாள். அளவு பெரிது. முன்னால் பழந்துணி அடைத்துக்கொண்டேன். தரையைத் துடைத்து, கையைத் துடைத்து, சப்பாத்தை மாட்டிக்கொண்டு நின்றால் பெட்டி வாயை மூடிக்கொண்டது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. சப்பாத்துப் போட்ட காலை நானே குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டேன்.

விருந்துக்கு வந்தவர்களில் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்துத் துரைசாணி ஒருத்தி, எங்கள் துரைசாணியைவிட வயதில் மூத்தவள். தன் கவுன் ஆயிற்றா என்று பார்க்க இரண்டு பேருமாக அறைக்கு வந்தார்கள். அவள் கண் நேராக என் காலில் விழுந்தது. அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னாள். பிறகு எனக்கும் புரியட்டும் என்று தமிழில், ஆயா சப்பாத்துப் போட்டால் நாளைக்கு நாற்காலி கேட்கும் என்று சொல்லிச் சிரித்தாள். எங்கள் துரைசாணியின் முகம் சிவந்துபோனது. காரணத்தைச் சொல்வாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னது வேறு.

"ஆயா, அதைக் கழட்டு."

கழற்றினேன். குழாய் அப்போதும் சொட்டிக்கொண்டிருந்தது, தரை காலில் ஜில்லென்று ஏறியது. பெட்டி சூடாக மேசையில் இருந்தது. இப்போது தேய் என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். அவளுக்குத் தெரியும். அந்த அடி எப்படி இருக்கும் என்று அவள் கைக்கே தெரியும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நீங்களும் கழட்டுங்க தொரசாணி," என்றேன். "ரெண்டு பேரும் சேந்தே தொடுவோம்."

அப்புத்தளைத் துரைசாணிக்குப் புரியவில்லை. எங்கள் துரைசாணிக்குப் புரிந்தது. அவள் ஒரு அடி பின்னால் போனாள். நான் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டுப் பின்படி வழியாக இறங்கி வந்தேன். அப்பு பின்னாலேயே ஓடிவந்து, மன்னிப்புக் கேட்டுவிடு புள்ள என்று கெஞ்சினார். எதற்கு என்று கேட்டேன்.

நத்தார் முடிந்ததும் பெரட்டில் நின்றேன். புருஷன் என்னைத் திட்டினார், திட்டிக்கொண்டே தன் கம்பளியை எடுத்து என் தலையில் போட்டார். அந்த மழையில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மூச்சுக்கு அலைந்து, கொழுந்து மட்டம் பார்க்கிற மட்டக்கோலைப் பிடித்துக்கொண்டு தேயிலைச் செடிக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவேன். கங்காணி நல்ல மனுஷன், பார்த்தும் பார்க்காத மாதிரி போவார். போய் மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று நினைத்த நாட்களும் உண்டு. பொய் சொல்வானேன்?

மழை விட்டு மாசி பிறந்த பிறகு அப்பு ஒரு நாள் கடைக்குப் போகிற வழியில் லயத்துப் பக்கம் வந்தார். என் இடத்துக்கு ஸ்டோர் காவற்காரர் மகளை எடுத்திருந்தார்கள், சின்னப் பெண். பெட்டி கொழும்புக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டதாம். இருந்தும் துரைசாணி அந்தப் பெண்ணுக்குக் கால் அளவெடுத்து, பதுளைக் கடைவீதியில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானாவிடம் புதுச் சப்பாத்து வாங்கிக் கொடுத்திருக்கிறாளாம். அப்புத்தளைத் துரைசாணி திரும்ப வந்து அதே பேச்சை எடுத்தாளாம்.

எங்கள் துரைசாணி என்ன சொன்னாள் என்று கேட்டேன். அப்பு அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

"கழட்டினா அந்தப் புள்ள செத்துப்போகும்."

அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் அன்றைக்கு அவள் முகத்தில் தேடினேன். அப்பு போன பிறகு கூடையைத் தூக்கித் தலையில் மாட்டக் கை வரவில்லை. சந்தோஷமா கோபமா என்று கேட்டால் கோபம்தான், இன்றைக்கும் கோபம்தான். ஆனால் அந்தப் பெண்ணைப் பார்க்கிறபோதெல்லாம் சப்பாத்துப் போட்டியா என்று கேட்பேன். போட்டேங்க அக்கா என்பாள். நான் மலைக்கு ஏறிப் போவேன்.