ராகு காலத்துக்கு முன் திறந்த மூடி

ஜப்பானிலிருந்து ஒரு பழைய பிலிம் கேமராவை ஆன்லைனில் வாங்கினேன். வெள்ளிக்கிழமை காலை வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்குப் பார்சல் வந்தது. எந்தக் கேமரா வாங்கினாலும் முதல் படமாக வாசலில் தெரியும் மலையைத்தான் எடுப்போம்.

"பத்தரைக்கு ராகு காலம் வந்துடும், சீக்கிரம் எடுத்துடுங்க" என்றாள் மனைவி.

புது பிலிம் போட அவசரமாகப் பின்மூடியைத் திறந்தேன். உள்ளே ஏற்கெனவே ஒரு பிலிம் இருந்தது. பதறி மூடினேன். அதற்குள் வெளிச்சம் புகுந்துவிட்டது.

சென்னையில் கழுவக் கொடுத்ததில் ஒரே ஒரு படம்தான் தேறியது. மருத்துவமனைக் கட்டிலில் ஒரு பெண் கையசைக்கிறார். முகம் இருக்க வேண்டிய இடத்தில், வெளிச்சம் பட்டு வெறும் வெள்ளை.

உள்ளே பிலிம் இருந்ததை விற்றவருக்கு எழுதினேன். "அப்பாவின் கேமரா அது. அம்மாவைக் கடைசியாக எடுத்த பிலிமை வீடெல்லாம் தேடினோம். படம் வந்ததா?" என்று கேட்டார். இருந்ததை அனுப்பினேன்.

"கை அம்மாவுடையதுதான்" என்று மட்டும் பதில் வந்தது.

அந்தக் கேமராவில் இன்னும் மலையை எடுக்கவில்லை. இப்போதெல்லாம் பழைய கேமரா வந்தால் நேரம் பார்ப்பதில்லை. திறக்கும் முன், உள்ளே பிலிம் இருக்கிறதா என்று பிலிம் சுற்றும் பிடியை மெல்லத் திருப்பிப் பார்க்கிறேன். பிடி இறுகினால், உள்ளே யாரோ இருக்கிறார்கள்.