மரத்தில் தொங்கிய செருப்புகள்

தொண்ணூற்றொன்பதில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலம் தாமிரபரணிக் கரையில் தடியடியில் கலைந்தது. தப்பிக்க ஆற்றில் இறங்கிய பலர் கரையேறவில்லை. இறந்தவர்களின் படங்களோடு வருடந்தோறும் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். தப்பியவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்களை நினைத்தவர் ஒருவர்தான். செருப்புத் தைக்கிறவர்.

அப்போது ஆற்றுக்குப் போகும் சாலையில் எனக்குச் சோடாக் கடை. அவர் எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். ஊர்வலம் கலைந்த மறுநாள் கரையெங்கும் செருப்புகள் கிடந்தன. செத்தவர் செருப்பைத் தொட எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனம் வராது. குப்பை வண்டிக்காரரே தயங்கி நின்றார். இவர் கோணியோடு போய் அள்ளி வந்துவிட்டார்.

வண்டிக்காரர் கத்தினார். "செத்தவன் செருப்ப இங்கன வச்சா உம்மகிட்ட எவன் வே தைக்க வருவான்?"

"செத்தவன் செருப்புன்னு உமக்கு யாரு வே சொன்னா? பாதிக்கு மேல தப்பிச்சு ஓடுனவன் செருப்பு. அவன் வெறுங்கால்ல அலையுதான்."

சேற்றைக் கழுவி, அறுந்த வாரைத் தைத்து, ஜோடி சேர்த்து, மரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டார். வண்டிக்காரர் சொன்னதுதான் நடந்தது. ஆட்கள் அவரை விட்டு விலகி நடந்தார்கள். வேலையே இல்லை. செருப்புக்கு உரியவர்களும் வரவில்லை, வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயமாக இருக்கும். அவர் கயிற்றை அவிழ்க்கவில்லை.

ஒருநாள் ஒரு பெண் என் கடையில் சோடா குடித்தபடி அந்தக் கயிற்றையே பார்த்தாள். "அண்ணே, அது விக்கிறதுக்கா?" புது ஆட்களிடம் எனக்குப் பேச்சு வராது. அவரைக் கை காட்டினேன்.

"உன்னுதுன்னா எடுத்துக்கோ தாயி," என்றார் அவர்.

அவள் மாஞ்சோலைக்காரி. தன்னுடையதை எடுத்துக்கொண்டு, மற்றவற்றையும் தொட்டுப் பார்த்தாள். "இது பக்கத்து வீட்டு அக்காவுக்குள்ளது. கால்ல கட்டோட படுத்திருக்கா. இது எங்க கொழுந்தனுக்குள்ளது. வேலைக்குத்தான் பைய நடப்பான், அன்னைக்கு ஓடுன ஓட்டத்தப் பாக்கணுமே!"

"கேட்டீரா சோடாக்காரரே, எல்லாம் உசுரோட இருக்கு!" என்று அவர் சிரித்தார்.

சில ஜோடிகளை அவள் பேசாமல் கடந்தாள். அவற்றை அவர் கயிற்றிலேயே விட்டார். அவள் அடையாளம் காட்டியவற்றைக் கோணியில் கட்டி, மலை பஸ் வரைக்கும் அவரே சுமந்து போனார்.

அவர் திரும்பி வந்ததும் நான் சாலையைக் கடந்து போய் என் செருப்பைக் கழற்றி வைத்தேன். அதில் எதுவும் அறுந்திருக்கவில்லை. அவர் புரட்டிப் பார்த்தார்.

"குதிகால் தேஞ்சிருக்கு வே. ஒரு தையல் போடுதேன், உக்காரும்."