என் சக்கரங்களைத் திருப்பிக் கேட்டேன்

என் நாட்குறிப்பில் 2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது: "ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். வண்டியின் சைடு வீல் இரண்டையும் கழற்றிவிட்டிருந்தார்கள்." மற்ற நாட்களில் பக்கம் நிரம்ப எழுதுகிறவள் நான். அன்று அதற்கு மேல் கை ஓடவில்லை.

என்னோடு விசுவாசிக்கிற உங்களுக்கு இதைத் தேதி வாரியாகவே சொல்கிறேன். சாட்சிப் புத்தகங்கள் நிறையப் படித்திருக்கிறேன். பலவற்றில் "ஒரு நாள்" என்று இருக்கும். எந்த நாள் என்று இருக்காது. தேவன் செய்ததைச் சொல்கிறவர்கள் தேதியையும் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

எனக்கு வயது நாற்பத்திரண்டு. வீடு மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரிக்குப் பக்கத்தில். இரண்டரை வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. காலுக்குக் காலிப்பர் என்ற இரும்புத் தாங்கி மாட்டி, கைத்தடி ஊன்றி, தெருமுனை வரை நடப்பேன். அதற்கு அப்பால் என் உலகம் மூன்று வருடத்துக்கு முன்புதான் தொடங்கியது. செங்கல்பட்டு கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்து, பின்னால் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் வாங்கினேன். மற்றவர்களுக்கு வண்டி ஒரு வசதி. எனக்கு அது தரை. அதில் ஏறி உட்கார்ந்தால்தான் நான் தள்ளாடாமல் இருப்பேன். வளைவில் சாய முடியாது, ரிவர்ஸ் கிடையாது, சாலையோரப் பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் முதுகுவரை அடிக்கும். பூஞ்சேரியிலிருந்து திருப்போரூர் வரை எந்தப் பள்ளம் எந்த மழையில் விழுந்தது என்று குறித்து வைத்திருக்கிறேன்.

அந்த மே மாதக் கடைசியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஆலத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நூலக உதவியாளர் வேலை. பதினொரு வருடம் தற்காலிக வேலையும் டியூஷனுமாக ஓட்டியவளுக்கு முதல் நிரந்தர வேலை. ஜூன் 24, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சேர வேண்டும். தவறினால் உத்தரவு ரத்து. கல்லூரிப் பேருந்தின் படி எனக்கு எட்டாது. தினமும் ஆட்டோவில் போய்வர முடியாது. நேர்காணலில் "எப்படி வருவீர்கள்" என்று கேட்டார்கள். "என் வண்டியில்" என்றேன். அதையும் கடிதத்தில் போட்டிருந்தார்கள்: சொந்த வாகனத்தில் வருவதாகத் தாங்கள் உறுதியளித்ததன் பேரில்.

ஜூன் 9 அன்று எங்கள் சபைக்கு வெளியூரிலிருந்து ஓர் ஊழியக்காரர் வந்தார். அவர் பெயரை எழுதப்போவதில்லை. இது அவரைப் பற்றிய சாட்சி இல்லை. ஜெப வேளையில் என்னைத் தேடி வந்து காலில் கை வைத்தார். நாற்பது வருடமாக எத்தனை பேர் அந்தக் காலில் கை வைத்திருக்கிறார்கள்! கண்ணை மூடிக் கையை உயர்த்தினேன். வெளியே நிற்கும் சக்கரங்கள்தான் என் விசுவாசத்துக்குத் தடை என்றார் அவர். யாரோ எழுந்து போகும் சத்தம் கேட்டது.

எழுந்து போனவர் என் சொந்த அண்ணன் ஜேம்ஸ். சபையில் மூப்பர். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் போல்ட்டுகளைத் தன் கையாலேயே கழற்றியிருக்கிறார். நான் வெளியே வந்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். வண்டி சென்டர் ஸ்டாண்டில், இரண்டு சக்கரத்தோடு, எனக்குப் பழக்கமில்லாத யாரோ ஒருவருடைய வண்டியைப்போல நின்றது. அண்ணன் கண்ணில் தண்ணீர்.

"இனிமே அது இன்னாத்துக்கும்மா? நீ நடக்கப் போற," என்றார்.

கழற்றிய சக்கரங்களை ஊழியக்காரர் தன் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். தேவன் செய்ததற்கு அத்தாட்சியாம்.

நான் ஒன்றையும் மறைக்கப்போவதில்லை. அன்று நானும் நம்பினேன். மறுநாள் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, இரண்டு சக்கர வண்டியில் ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். நான்கு வீடு தாண்டினேன். ஐந்தாவது வீட்டு வாசலில் இடது பக்கமாக விழுந்தேன். முழங்கையில் தோல் உரிந்தது. காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது எப்போதும்போலவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை எங்கள் பாஸ்டர் அந்த ஊழியக்காரருக்குப் போன் செய்தார். உதவியாளர்தான் எடுத்தார். காணிக்கையாக வந்ததைத் திருப்பித் தருகிற வழக்கம் இல்லை என்றார். வேறு சக்கரம் வாங்கலாம் என்று விசாரித்தோம். என் வண்டி மாடலுக்குத் தகுந்த செட் வெளியிலிருந்து வர வேண்டும், ஒரு மாதமாவது ஆகும் என்று கடைக்காரர் சொன்னார். எனக்கு இருந்தது பன்னிரண்டு நாள்.

புதன்கிழமை அண்ணனிடம், நேரில் போய்க் கேட்டு வாங்கி வா என்றேன். அவர் முகம் வெளுத்தது.

"ஊழியக்காரரை எதிர்த்துகினு நிக்கறதா? வூட்டுக்கே சாபம்மா அது."

"உன் தங்கச்சி வூட்லயே கெடந்தா அது இன்னா, ஆசீர்வாதமா?"

எழுந்து போய்விட்டார்.

ஜூன் 13, வியாழன், பிற்பகல் மூன்று இருபது. கரண்ட் இல்லை. கதவைத் தாழ்போட்டுவிட்டு ஜெபித்தேன். ஜெபித்தேன் என்பதைவிடச் சண்டை போட்டேன் என்பதே சரி. முழங்கால் போட என்னால் முடியாது. கட்டிலில் உட்கார்ந்தபடியே சத்தமாகக் கேட்டேன். "கர்த்தாவே, இந்தக் காலுக்காக ஊரே உம்மிடம் கேட்டிருக்கிறது. நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அது உமக்குத் தெரியும். எனக்குக் கால் வேண்டாம். என் சக்கரம் வேண்டும். நான் கேட்டு நீர் கொடுத்த சக்கரம் அது. உம் பெயரைச் சொல்லித்தான் அதைக் கொண்டுபோனார்கள். அது எங்கே இருக்கிறது என்று காட்டும். போகிற வழியைத் திறந்துவிடும். அங்கே போய் நிற்கும்போது என் வாய் நடுங்காமல் பார்த்துக்கொள்ளும்."

ஆறுதலான வார்த்தை எதுவும் என் மனதில் வரவில்லை. வந்தது என்று எழுதினால் சாட்சி அழகாக இருக்கும். ஆனால் வரவில்லை. கரண்ட்கூட ஐந்து மணிக்குத்தான் வந்தது.

ஜூன் 17, திங்கள். எதிர் வீட்டுக் காஞ்சனா ஷிப்ட் முடிந்து வந்தாள். சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை அவளுக்கு. மாதம் தவறாமல் திருப்போரூர் முருகனைப் பார்க்கப் போகிறவள். கம்பெனி பஸ் நின்ற இடத்தில் சுவரில் ஒரு போஸ்டர் பார்த்ததாகச் சொல்லி, செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"கிரேஸு, இது உன் சக்கரந்தான? மட்கார்டுல நான் ஒட்டின மயில் ஸ்டிக்கரு அப்டியே கீது பாரு."

என்னுடையதேதான். மயிலின் கொண்டை பாதி கிழிந்திருந்தது. அதன் கீழே கொட்டை எழுத்தில், மகாபலிபுரம் சகோதரி நடந்தார், அவர் விட்டுச் சென்ற சக்கரங்களை நேரில் காண வாருங்கள் என்று இருந்தது. ஜூன் 21, வெள்ளி, காலை பத்து மணி, உபவாச ஜெபம், சிங்கப்பெருமாள் கோயிலில் ஒரு கல்யாண மண்டபத்தின் பெயர். நான் கேட்ட முதல் காரியம் கிடைத்துவிட்டது. ஊரெல்லாம் ஒட்டி வைத்துக் காட்டினார் தேவன். நான் சிரித்தேன். எட்டு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

எப்படிப் போவது என்று நான் கேட்பதற்கு முன்பே காஞ்சனா சொல்லிவிட்டாள். "நான் லீவு போடறேன். உங்க சாமிகிட்ட பேசறது உன் வேலை. வண்டி ஓட்டறது என் வேலை." இரண்டாவது காரியமும் அப்படிக் கிடைத்தது. என் தேவன் ஒரு முருக பக்தையின் ஸ்கூட்டரில் என்னை அனுப்பினார். இதைச் சபையில் சொன்னபோது சிலர் முகம் சுளித்தார்கள். நடந்தது அதுதான். மாற்றிச் சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்குக் கிளம்பினோம். திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு வழி. காலிப்பரோடு பின் சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து, கைத்தடியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டேன். மண்டபத்தில் நல்ல கூட்டம். மேடையில் வெள்ளைத் துணி விரித்த மேசை. அதன் மேல் என் சக்கரங்கள் இரண்டு. பக்கத்தில் இரண்டு ஊன்றுகோல், ஒரு கைத்தடி, ஒரு மூக்குக்கண்ணாடி.

சாட்சி சொல்ல விரும்புகிறவர்களிடம் துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். "சக்கரத்தின் சொந்தக்காரி" என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்த தம்பி ஓடினான். ஐந்து நிமிடத்தில் என்னை மேடைப் படியருகே கொண்டுபோய் விட்டார்கள். ஊழியக்காரர் சந்தோஷத்தோடு மைக்கில் அறிவித்தார். சகோதரி வந்திருக்கிறார், நடந்து வருவதைப் பாருங்கள் என்றார். நடந்தேன். காலிப்பர் கிறீச்சிட, தடி ஊன்றி, எப்போதும் நடப்பதைப்போல. பாதித் தூரத்திலேயே கைதட்டல் நின்றுபோனது.

எனக்கு நீட்டிய இன்னொரு மைக்கை வாங்கினேன்.

"இந்தச் சக்கரம் என்னுது. கழட்டச் சொல்லி நான் கேக்கல. என் காலு எப்பவும் இருக்கற மாதிரிதான் கீது. திங்கக்கெழமை எனக்கு வேலை. வண்டி இல்லாம போவ முடியாது. குடுத்துடுங்க."

வாய் நடுங்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஞாயிறு பள்ளியில் நாலு பிள்ளைகள் முன்னால் பேசினாலே எனக்கு வார்த்தை குழறும்.

அவர் தன் மைக்கை மூடிக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "உங்க அவிசுவாசத்தை ஜனங்களுக்கு முன்னாடி சொல்றீங்களே சகோதரி," என்றார்.

நான் மூடாத மைக்கிலேயே கேட்டேன். "விசுவாசம் இல்லாமலா ஐயா இவ்ளோ தூரம் வந்து கேக்கறேன்?"

 பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், மெதுவாக, "குடுத்துடுங்க பாஸ்டர், பாவம்," என்றது. இன்னொருத்தி, "பாவம் இன்னா, அவங்க பொருளு அது," என்றாள். அவள் யார் என்று எனக்குத் தெரியாது. அவளுக்காக இன்றும் ஜெபிக்கிறேன்.

நியாயத்துக்கு இதையும் எழுத வேண்டும். அவர் ஆள் யாரையும் கூப்பிடவில்லை. தானே ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, காஞ்சனாவின் வண்டி வரை வந்தார். வெள்ளைச் சட்டையில் கிரீஸ் கறை.  இன்னொரு சக்கரத்தைத் துண்டுச் சீட்டுத் தம்பி கொண்டுவந்தான்.

ஒன்றைக் காஞ்சனா கால் வைக்கிற இடத்தில் நிறுத்திக்கொண்டாள். மற்றது என் மடியில். கிளம்பும்போது சொன்னாள்: "பரனூர் டோல்ல நாலு சக்கரம்னு காசு கேக்கப் போறான், பாத்துக்க." செங்கல்பட்டு வரை சிரித்துக்கொண்டே வந்தோம். அதன் பிறகு நான் அழுதேன். அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியின் வேகத்தைக் குறைத்தாள்.

சனிக்கிழமை காலை அண்ணன் தானாகவே ஸ்பேனரோடு வந்தார். கழற்றிய போல்ட்டுகளையும் வாஷர்களையும் ஒரு டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். எறிந்திருக்கலாம், எறியவில்லை. ஏன் என்று கேட்டேன். "தெரிலம்மா," என்றார். வெயிலில் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினார். கடைசிப் போல்ட்டை மூன்று தடவை சரிபார்த்தார். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

ஜூன் 24, திங்கள், காலை எட்டு நாற்பதுக்குக் கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்தினேன். எட்டு ஐம்பத்திரண்டுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

இதுதான் தேவன் எனக்குச் செய்தது. இதில் அற்புதம் எங்கே என்று சபையில் ஒருவர் கேட்டார். சுவரில் ஒட்டிய போஸ்டரும், எதிர் வீட்டுப் பெண்ணின் ஸ்கூட்டரும், நடுங்காத ஒரு வாயும் அவருக்குப் போதவில்லை. எனக்குப் போதும். கேட்ட மூன்றும் ஒன்பது நாளுக்குள் கிடைத்தன. கேட்காத கால் கிடைக்கவில்லை. நான் கேட்டதைத்தான் அவர் கேட்டார், ஊர் கேட்டதை அல்ல. என் ஆண்டவர் அவ்வளவு கவனமாகக் காதுகொடுக்கிறவர்.

இப்போது எங்கள் சபையில் என் அனுமதி இல்லாமல் என் காலில் யாரும் கை வைப்பதில்லை. முதலில் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். டயர் தேய்ந்துவிட்டது, இன்ஜினில் ஒரு சத்தம், தையூர்ப் பக்கம் புதிதாக ஒரு பள்ளம் என்று நான் சொல்வேன். அதற்காக ஜெபிக்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு, முழு மனதோடு. அண்ணன்தான் முதல் ஆமென் சொல்கிறார்.

இதை வாசிக்கிறவர்களில் காலோ கண்ணோ காதோ குறைந்தவர்கள் இருந்தால் உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்காக மற்றவர்கள் எதை வேண்டுமானாலும் கேட்கட்டும். உங்களுக்கு வேண்டியதை நீங்களே கேளுங்கள். கோபமாகக் கேட்டாலும் அவர் கேட்பார். நான் கோபமாகத்தான் கேட்டேன். கொடுத்த பிறகு யாராவது எடுத்துக்கொண்டு போனால், போய் வாங்கி வாருங்கள். அதுவும் விசுவாசம்தான்.

கடைசியாக ஒன்று. ஊரப்பாக்கத்தில் அதே ஊழியக்காரர் நடத்திய அடுத்த கூட்டத்தில் ஒரு பெரியவர் எழுந்து, மேசை மேல் இருந்த தன் கைத்தடியைத் திருப்பிக் கேட்டாராம்; அதை ஊன்றிக்கொண்டே ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்து போனாராம். மூன்று பேர் என்னிடம் இதைச் சொன்னார்கள். ஒருவர் ஜூலை என்கிறார், இருவர் ஆகஸ்ட் என்கிறார்கள். நேரில் பார்த்தவர் ஒருவரைக்கூட இதுவரை நான் சந்திக்கவில்லை. ஆகவே இதை உறுதிசெய்யப்படாத செய்தியாகவே எழுதி வைக்கிறேன்.