எலும்பைக் கடிக்காத பஞ்ச்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிற ஆள் நான். இத்தனை வருட நர்ஸ் வேலையில் செத்தவர்களோடு லிஃப்டில் தனியாக இறங்கியிருக்கிறேன், ஒருவரும் எழுந்து என்னிடம் தண்ணீர் கேட்டதில்லை. அதனால் நான் இப்போது சொல்லப் போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். இதையே வேறொருத்தி வந்து என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் பெயர் எஸ்தர், சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். அப்போது, அதாவது இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஐந்தாவதோ ஆறாவதோ தீபாவளிச் சமயம், திருப்பூரில் எலும்பு வைத்தியத்துக்கென்றே இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் தியேட்டர் நர்ஸாக இருந்தேன். ஆபரேஷன் நடக்கும்போது டாக்டர் கையை நீட்டினால் அவர் கேட்கும் கருவியை அந்தக் கையில் வைக்கிற வேலை. என் வீட்டுக்காரர் செல்வின், பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். "ஒங்க டாக்டரும் நானும் ஒரே தொழிலுதாம்ட்டி, அவருக்கு ஏசி ரூமு, எனக்கு ஃபேனும் கெடையாது" என்று சொல்லிச் சிரிப்பார். அவருடைய வலது மோதிர விரலின் நுனியை ஒரு மெஷின் எப்போதோ பாதி எடுத்துவிட்டது, அதையும் சிரித்துக்கொண்டேதான் காட்டுவார்.

முதுகெலும்பு ஆபரேஷனில் பஞ்ச் என்று ஒரு கருவி உண்டு. துப்பாக்கி மாதிரிக் கைப்பிடி, அதிலிருந்து பென்சிலைவிட மெலிந்த நீளமான தண்டு, தண்டின் நுனியில் சின்னதாக ஒரு வாய். நுனியை எலும்புக்கு அடியில் நுழைத்துக் கைப்பிடியை அழுத்தினால் அந்த வாய் மூடி, நொய் அரிசி அளவுக்கு எலும்பைக் கடித்து எடுக்கும். கீழே நரம்பு ஓடுகிற இடம் என்பதால் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வழி உண்டாக்க வேண்டும். எங்களிடம் சின்னது ஒன்று போக, ஒரே அளவில், ஒரே மாதிரி இரண்டு பஞ்ச் இருந்தன. அதில் ஒன்று உழைத்து உழைத்து மழுங்கி, கைப்பிடித் திருகும் ஆட்டம் கண்டு, எலும்பில் ஏறவே மாட்டேன் என்று அடம்பிடிக்க ஆரம்பித்ததால் டாக்டர் அதை இனி உதவாது என்று கண்டம் பண்ணிவிட்டார். வீட்டுக்காரருக்கு உதவும், எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"தாராளமா கொண்டு போங்க சிஸ்டர். இங்க கெடந்தா யாராச்சும் தவறி செட்டுல வெச்சுருவாங்க" என்றார்.

செல்வினுக்குப் பொம்மை கிடைத்த மாதிரி. ஆடுகிற வெள்ளி நிறத் திருகைக் கழற்றி எறிந்துவிட்டு, துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினின் கறுப்புத் திருகு ஒன்றை மாட்டினார். தையல் மெஷினில் ஊசிக்கு அடியில் ஒரு தகடு உண்டு, அதற்குக் கீழே நூல் போய்ச் சிக்கினால் மேலே இருந்து இழுக்க முடியாது, அறுந்துவிடும். இவர் பஞ்ச்சின் நுனியை அடியில் விட்டு, அந்த மழுங்கின வாயால் நூலைப் பிடித்து, அறுக்காமல் அலுங்காமல் எடுத்துவிடுவார். "கடிக்கத் தெரியாத பல்லுட்டி, அதனாலதான் எனக்கு ஆவுது" என்பார்.

ஆயுத பூஜை அன்று கம்பெனியில் எல்லாச் சாமானுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள், இவரும் தன் பெட்டியில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் வைப்பார். ஞாயிறு ஆராதனைக்கு முதல் வரிசையில் உட்காருகிற மனுஷன் செய்கிற காரியமா என்று கேட்டால், "சோறு போடுத சாமானுக்குப் பொட்டு வச்சா இயேசப்பா கோவிச்சுக்கிட மாட்டாரு" என்று பதில் வரும். மோதிர விரலில்தான் வைப்பார், நுனி பாதி இல்லாததால் பொட்டு முழு வட்டமாக விழாது, அரை நிலா மாதிரி விழும். அரைப் பொட்டு மெக்கானிக் என்று கம்பெனியில் அவருக்கு ஒரு பெயரே உண்டு.

தீபாவளிக்குத் திருப்பூர் காலியாகிவிடும், உங்களுக்குத் தெரியாததா. நாங்கள் கிறிஸ்தவர்கள் தீபாவளி டியூட்டியை எடுத்துக்கொள்வோம், கிறிஸ்துமஸுக்கு மற்றவர்கள் எங்களுக்காகப் பார்ப்பார்கள், அது எழுதாத ஒப்பந்தம். செல்வின் கம்பெனி மூடும் நாள் வரைக்கும் மெஷின்களுக்குச் சர்வீஸ் பார்த்துவிட்டு, டூல் பெட்டியைப் பூட்டி அங்கேயே வைத்துவிட்டு, சாவியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுச் சுவர் ஆணியில் மாட்டினார். கம்பெனியின் வெளிக் கேட்டையும் அன்றைக்கே பூட்டிவிட்டார்கள்.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் மழை. நான் டியூட்டியில் இருக்கிறேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று இவர் மொட்டை மாடித் தொட்டியைப் பார்க்க ஏறி, பாசியில் வழுக்கி, கீழே சிமெண்டுத் தரையில் விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் ஆஸ்பத்திரிக்கே தூக்கி வந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் கிடந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி எஸ்தரு, எங்காலு எங்க கெடக்குன்னு தெரியலட்டி" என்றார். எத்தனை பேருடைய கால்களைப் பார்த்தவள், என் வீட்டுக்காரர் பாதத்தை டாக்டர் ஊசியால் குத்தினபோதும் அவர் முகம் சுளிக்கவில்லை என்பதை நின்று பார்த்தேன்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு வந்தார். "முதுகெலும்பு நொறுங்கி நரம்ப அழுத்துதுங்க சிஸ்டர். இடது கட்ட விரலு லேசா அசையுது, அதனால நம்பிக்கை இருக்குதுங்க. ஆனா இன்னைக்கே பண்ணோணும். விட்டா நடக்க மாட்டாருங்க" என்றார். இன்னொரு தியேட்டர் நர்ஸ் ஊருக்குப் போய்விட்டாள். சொந்தக்காரர்கள் உள்ளே நிற்கக் கூடாது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேறு ஆஸ்பத்திரியில் ஆள் கேட்டுப் போன் மேல் போன் போட்டும் யாரும் கிடைக்கவில்லை. நான் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன்.

இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். முதுகெலும்பு ஆபரேஷனுக்கான கருவிச் செட்டை அன்று காலையில் அடுக்கினது நான். பஞ்ச்சைக் கெட்டி அட்டையில் கடிக்க வைத்துப் பார்த்துத்தான் அடுக்குவேன், அது என் வழக்கம். அன்றைக்கும் அட்டையில் சுத்தமாக ஓட்டை விழுந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் டாக்டர் அதே பஞ்ச்சால் ஒரு ஆபரேஷன் முடித்திருந்தார். செட்டைத் துணியில் கட்டி, கிருமி போக நீராவியில் வைப்பதற்குத் தியேட்டர் உதவியாளர் மாராத்தாக்கா கையில் கொடுத்தேன். இதில் நடுவே வேறொன்று நுழைய எந்தச் சந்துமில்லை.

ஆபரேஷன் ஆரம்பித்தது. வெளியே எங்கோ மிச்ச வெடி வெடித்துக்கொண்டிருந்தது. துணி மூடிக் கிடப்பது செல்வின் இல்லை, யாரோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கருவிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். டாக்டர் எலும்பு வரைக்கும் போய்விட்டார். எலும்பில் நீளமாக ஒரு வெடிப்பு. அதை ஒட்டிக் கடித்து எடுத்து நரம்புக்கு இடம் பண்ண வேண்டும். "பஞ்ச்" என்று கையை நீட்டினார். எடுத்து வைத்தேன். அப்போது, நம்பினால் நம்புங்கள், மாஸ்க்கைத் தாண்டி எனக்கு மெஷின் ஆயில் வாசம் வந்தது, தினமும் சாயங்காலம் என் வீட்டுக்குள் நுழைகிற அதே வாசம்.

டாக்டர் நுனியை வெடிப்புக்கு அடியில் விட்டு அழுத்தினார். கடிக்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார், ம்ஹூம். "இது கடிக்கலீங்களே சிஸ்டர்" என்று திருப்பிக் கொடுத்தார்.

வாங்கிப் பார்த்தேன். கைப்பிடியில் கறுப்புத் திருகு இருந்தது. ஓவர்லாக் மெஷின் திருகு.

தியேட்டரில் மறைக்கக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். "சார், இது நம்ம கண்டம் பண்ணுன பஞ்ச். இவரு பெட்டில கெடக்க வேண்டியது. எப்படி இங்க வந்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியல" என்றேன். பயத்தில் எதையோ மாற்றி அடுக்கிவிட்டேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும், திட்டவில்லை, அந்த நல்ல மனசுக்கு இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். "பரவால்லீங்க, நல்லாக் கழுவிக்கலாம், மருந்து சேத்திப் போட்டுக்கலாம். சின்ன பஞ்ச் குடுங்க" என்றவர், அது கைக்கு வருவதற்குள் அந்த இடத்தைச் சலைன் விட்டுக் கழுவச் சொல்லி, குனிந்து பார்த்தார்.

"சிஸ்டர், இங்க பாருங்க."

எலும்பு வெடிப்பின் இடுக்கில் வெள்ளையாக நாலைந்து இழை. விழுந்த வேகத்தில் எலும்பு பிளந்து மூடியபோது நரம்பைக் கவ்விக்கொண்டிருக்கிறது. ஸ்கேனில் அது தெரியவில்லை, ரத்தத்தில் கண்ணுக்கும் தெரியவில்லை. முதல் அழுத்தில் பஞ்ச் கடித்திருந்தால் எலும்போடு சேர்ந்து அத்தனையும் போயிருக்கும். டாக்டர் சின்ன பஞ்ச்சை வாங்கி, வெடிப்பைத் தொடாமல் தள்ளிப் போய்க் கடித்து, எலும்பை மெல்ல விலக்கி, ஒவ்வொரு இழையாக, அறுக்காமல் அலுங்காமல் எடுத்து உள்ளே விட்டார். தகட்டுக்கடியில் சிக்கின நூலைச் செல்வின் எடுப்பதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், அதே மாதிரி.

கிருமி ஏறிவிடுமோ என்று தையல் பிரிக்கிற வரைக்கும் காயத்தைப் பார்த்துப் பார்த்துச் செத்தேன். காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை. ஒரு நாள் காலையில் காப்பி கொடுக்கும்போது போர்வைக்குள் அவருடைய இரண்டு பாதமும் அசைந்தன. "பாத்தியாட்டி, ரெண்டும் இங்கதான் கெடக்கு" என்றார். வார்டு என்றும் பார்க்காமல் உட்கார்ந்து அழுதேன்.

நல்ல பஞ்ச் எங்கே? தியேட்டரைக் கவிழ்த்துத் தேடியாகிவிட்டது. "நீங்க கட்டிக் குடுத்ததத்தானுங்க உள்ள வெச்சேன் சிஸ்டர், முடிச்சக்கூட அவுக்கலீங்க" என்று மாராத்தாக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். கம்பெனி திறந்த அன்று, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு போனேன். சூப்பர்வைசர் பழனிசாமி அண்ணன் கேட்டில் நின்றார்.

"கேட்டு பூட்டுனதும் நாந்தானுங்க, தொறக்கறதும் நாந்தானுங்க. நடுவுல ஒரு ஆளும் வர்லீங்க. மெக்கானிக்கு எப்படி இருக்காருங்க?"

கால் வந்துவிட்டது அண்ணே என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். மேலாகவே இருந்தது பஞ்ச். வெள்ளித் திருகு. அங்கே கிடந்த அட்டை ஒன்றைக் கடிக்க வைத்தேன், சுத்தமாக ஓட்டை விழுந்தது. எங்கள் ஆஸ்பத்திரிப் பஞ்ச்சேதான். முந்தின வாரம் டாக்டர் கையில் இருந்தது, தீபாவளிக்கு மறுநாள் காலை என் கையில் இருந்தது. அதன் கைப்பிடியில், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து வெடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே குங்குமம் கறுத்திருந்தது. பொட்டு முழு வட்டமாக இல்லை, அரை நிலாவாக இருந்தது.

டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், முந்தின வாரம் பிடித்த கை அது. கடைசியில், "இத ஊட்லயே வெச்சுக்கங்க சிஸ்டர். நான் வேற வாங்கிக்கறேன். அந்தப் பழசு எங்கிட்டயே இருக்கட்டுங்க" என்றார். அதன் பிறகு எந்த ஆபரேஷனிலும் முதல் கடிக்கு முன்னால் அவர் ஒரு தரம் கழுவிக் குனிந்து பார்ப்பார். எதற்கு என்று நான் கேட்டதில்லை.

செல்வின் இப்போதும் வேலைக்குப் போகிறார், இடது கால் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். அவரிடம் கேட்டால் சிரிக்கிறார். நான் ஞாயிறு தோறும் முழங்கால் போட்டு நன்றி சொல்கிறேன், சொல்லி முடித்த பிறகும் யாருக்கோ சொல்லாமல் விட்ட மாதிரி ஒன்று நெஞ்சில் நிற்கிறது. பஞ்ச் என் பீரோவில், வேதப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. எந்தக் கருவியையும் அழுக்கோடு வைக்கத் தெரியாதவள் நான். அந்த அரைப் பொட்டைத் துடைக்க மட்டும் எனக்கு இன்னும் கை வரவில்லை.